இன்னொரு தரம் சொல்லுங்க, சேர்

ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பாதையில் வேன் ஏறத் தொடங்கியபோது பிற்பகல் இரண்டு மணி. வெயில் தங்களோடு வராமல் கீழேயே நின்றுவிட்டதை நிஷ்மியா மூன்றாவது வளைவில்தான் கவனித்தாள். நாலாவது வளைவில் தேயிலை மறைந்தது. ஐந்தாவதில் பாதையே மறைந்தது. வெள்ளைப் பனி வேனின் கண்ணாடியில் ஈரத் துணிபோல ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

பக்கத்து ஆசனத்தில் உருத்திரமூர்த்தி சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"அருமையான சூழல். அருமையான சூழல்."

எதையும் இரண்டு தரம் சொல்வது அவர் வழக்கம். முதல் தரம் கேட்பவர்களுக்காக. இரண்டாம் தரம் வரலாற்றுக்காக. வீட்டில் தேத்தண்ணீர் கேட்டாலும் இரண்டு தரம்தான்.

ஓர் அரசாங்கக் கந்தோரில் கோப்புகளை நாளைக்குத் தள்ளியே முப்பத்தொரு வருடம் உழைத்தவர் அவர். நாளை என்று ஒன்றே இல்லை என்பதை ஓய்வுபெற்ற மறுமாதம் கண்டுபிடித்தார். அந்தக் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவிக்க 'கால விசாரம்' என்ற யூடியூப் சனலைத் தொடங்கினார். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். கணிசமானவர்கள் கனடாவிலிருக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

நிஷ்மியாவுக்கு மாத்தளை டவுனில் சின்னதொரு ஸ்டூடியோ. கலியாண வீடியோ எடுப்பாள், வெட்டுவாள், ஒட்டுவாள். வாரத்தில் ஒரு நாள் உருத்திரமூர்த்தி சேருக்குக் கமரா பிடிப்பாள். மூன்று வருடமாகியும் அவளுடைய பெயர் அவர் வாயில் ஒரு தரம்கூட வந்ததில்லை. 'பிள்ளை' என்பார். கமராவுக்கும் அவளுக்கும் சேர்த்தே அந்தப் பெயர் என்று அவளுக்குச் சில நேரம் தோன்றும்.

"சேர், இறந்தகாலமே இல்லைன்னா நேத்து நான் தின்ன புட்டு?"

"அது இல்லை, பிள்ளை."

"அப்ப நெஞ்செரிச்சல்?"

"அது இருக்கு."

"புட்டு இல்லாமலேயா?"

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதை ஆழம் என்று எடுத்துக்கொள்ளும்படி முகத்தையும் வைத்துக்கொண்டார்.

பங்களா பனிக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்தது. முதலில் தகரக் கூரை, பிறகு சுவர், கடைசியில் வாசலில் சாரத்தை மடித்துக் கட்டி நின்ற றிகாஸ். உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் இடம் அது, பார்த்துக்கொள்பவர் அவர்தான். உள்ளே ஒரு பெரிய ஹோல், இரண்டு பிரம்பு நாற்காலி. ஹோலின் பின்சுவரில் ஒரு பழைய மரக்கதவு. அதன் இடுக்கிலிருந்து நனைந்த ஏலக்காயின் வாசம் வந்தது. இனிப்பான, ஆனால் நெடுநாள் மூடிவைத்த வாசம்.

"அது சாமான் அறை சேர்," என்றார் றிகாஸ். "ஒரே கதவுதான். ஜன்னல் இல்ல."

சாயத் தேத்தண்ணீர் குடிக்கும்போது அவர் ஒரு விஷயம் சொன்னார்.

"இங்க பேரச் சொல்லிக் கூப்பிடறதுன்னா ரெண்டு தரம் கூப்பிடுவோம். இது ஏலக்காத் தோட்டமா இருந்த காலத்துல இருந்தே அப்பிடித்தான். இந்தப் பனியில ஒரு தரம் கூப்பிட்டா சத்தம் எந்தப் பக்கம்னு வெளங்காது. மொதல் சத்தத்துக்குத் தலையத் தூக்குவாங்க. ரெண்டாஞ் சத்தத்துக்குத்தான் திரும்புவாங்க."

"நல்ல நடைமுறை. நல்ல நடைமுறை."

"விஷயம் அது இல்ல சேர். எல்லாரும் ரெண்டு தரம் கூப்பிட்டுப் பழகின பொறகுதான், ஒரு தரம் மட்டும் கூப்பிடற ஒன்னு இருக்கிறது தெரிஞ்சிச்சு."

நிஷ்மியா கோப்பையைக் கீழே வைத்தாள். "யாரு அது, றிகாஸ் நானா?"

"தெரியா தங்கச்சி. அதுக்கே தெரியாதுன்னு நெனைக்கிறேன். பதில் மட்டும் சொல்லிறாதீங்க. எங்க மாமா ஒருத்தர் சொன்னாரு. அந்த அறைக்குள்ள போனாரு, சிரிச்சுக்கிட்டே வந்தாரு. ஒரு மாசத்துல மாமி தாய் வீட்டுக்குப் போயிட்டா. ஏன்னு கேட்டா, 'இவர் அவர் இல்ல'ங்கிறா."

உருத்திரமூர்த்தி சிரித்தார். குடும்பத் தகராறுகளுக்கு ஆவிகளைக் குற்றம் சொல்லும் மக்களின் அறியாமை பற்றி ஆறு நிமிடம் பேசினார். அதில் மூன்று நிமிடம் புதியது.

மூன்று மணிக்கு நேரலை தொடங்கியது. தாங்கியில் நிஷ்மியாவின் போன். அதற்கெதிரே, சாமான் அறைக்கு முதுகுகாட்டி, பிரம்பு நாற்காலியில் சேர். அவருடைய சொந்தப் போன் மடியில் கிடந்தது. தன் நேரலையைத் தானே பார்த்து, விழுகிற இதயங்களை எண்ணுவது அவர் பழக்கம். பேசுவது ஒன்று, அது இணையத்தில் ஏறி அவர் மடிக்குத் திரும்பிவரப் பதினெட்டு வினாடி. 'இப்போது மட்டுமே உண்டு' என்ற அவருடைய கொள்கை அவருக்கே பதினெட்டு வினாடி பிந்தித்தான் கிடைக்கும். மடியிலிருக்கும் போனின் சத்தத்தை நிறுத்துங்க என்று நிஷ்மியா சொல்லாத வாரமில்லை. அவர் குறைப்பார், நிறுத்தமாட்டார். தன் குரலை முழுசாக நிறுத்த அவருக்கு மனம் வராது.

"காலம் என்பது என்ன?" விரல் உயர்ந்தது. "காலம் என்பது என்ன? அன்பர்களே, இறந்தகாலம் இல்லை. எதிர்காலம் இல்லை. இந்தக் கணத்தில் மட்டும் வாழ்பவன் எவனோ, அவனே..."

"உருத்திரமூர்த்தி."

சாமான் அறையிலிருந்து.

ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியவில்லை. அவசரமில்லாத, வயதில்லாத குரல். யன்னலுக்கு வெளியே பனி அப்படியே நின்றது. கூரையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றதுபோல் இருந்தது.

சேரின் விரல் காற்றில் உயர்ந்தபடி நின்றது. நிஷ்மியா உதட்டில் கைவைத்துத் தலையாட்டினாள். மூடநம்பிக்கை என்று ஆறு நிமிடம் விளக்கியவர் மூச்சைக்கூட விடாமல் காத்திருந்தார்.

மடியில் சேரின் பழைய பேச்சு மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஐந்து வினாடி. பத்து.

"உருத்திரமூர்த்தி."

சேரின் முகம் மலர்ந்தது.

"ரெண்டு தரம்!" என்றார். "ரெண்டு தரம் கூப்பிட்டாச்சு. ஆரோ நேயர் தேடி வந்திருக்கினம், பிள்ளை. இந்தப் பனிக்குள்ளை!" எழுந்தார், போனைச் சட்டைப்பையில் போட்டார், சால்வையைத் தோளில் எறிந்தார். "ஓம், வாறன்! ஓம், வாறன்!"

கதவு திறந்தது. மூடியது.

ஹோலில் நிஷ்மியாவும் காலி நாற்காலியும் மட்டும். தாங்கியில் இருந்த போன் காலி நாற்காலியைக் கனடாவுக்கு ஒளிபரப்பிக்கொண்டிருந்தது.

"நிஷ்மியா."

சேரின் குரல்தான். அவள் 'என்ன சேர்' என்று வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் திறந்தபடி நின்றது.

மூன்று வருடத்தில் இதுதான் முதல் தரம்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஏலக்காய் வாசம் கதவிடுக்கிலிருந்து தரையோடு தவழ்ந்து வந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மறுபடியும் வந்தது.

"நிஷ்மியா."

இரண்டு தரம் ஆகிவிட்டது. றிகாஸ் நானாவின் கணக்குப்படி பதில் சொல்லலாம். ஆனால் நிஷ்மியாவுக்குள் பயத்தைவிடப் பழைய ஒன்று எழும்பியது. கலியாண வீடுகளில் கமராவை மறைத்து நிற்கும் மாமாமாரை ஒதுக்கித் தள்ளும்போது எழும்பும் அதே ரோசம்.

"எங்க சேருக்கு என் பேரே தெரியாது," என்றாள் கதவைப் பார்த்து. "நீ யாரு பெரிய மரியாதக்காரன்? ஆள வெளிய விடு!"

காலால் உதைத்தாள். கதவு சுவரில் போய் மோதியது.

அறையின் நடுவில் உருத்திரமூர்த்தி நின்றார். தனியாக. கைகளைக் கோத்துக்கொண்டு, சிரித்தபடி.

"வாங்க சேர். போவோம்."

"போவோம்," என்றார் அவர்.

ஒரு தரம்.

வீடு வரும்வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை. பனியில் நின்ற ஈரம் அவர் சால்வையில் காயவே இல்லை. வேன் முழுக்க ஏலக்காய் மணத்தது.

அடுத்த மூன்று வாரத்தில் 'கால விசாரம்' பதினோராயிரம் பேரைத் தொட்டது. அலட்டல் போய்விட்டது. எதையும் ஒரே தரம் சொன்னார். பெரும்பாலும் அதையும் சொல்லாமல் கமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். சனம் சொக்கிப் போனது. "ஐயா பேசவில்லை, நிகழ்காலத்தில் வாழ்ந்தே காட்டுகிறார்" என்று ஒருவர் எழுதினார். "அந்தக் கண்ணைப் பாருங்கள், நேற்று என்பதே அதில் இல்லை" என்று இன்னொருவர். இரண்டாவது ஆள் எவ்வளவு சரியாக எழுதிவிட்டார் என்பது நிஷ்மியாவுக்கு நாலாவது வாரம்தான் விளங்கியது.

அன்று பகல் ஸ்டூடியோவில் பழைய நேரலைகளைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். பங்களாப் பதிவு வந்தது. திரையில் ஒலி, மலைத்தொடர்போல் ஏறி இறங்கி ஓடியது. மேளத்தையும் நாதஸ்வரத்தையும் வெட்டி ஒட்டிப் பழகிய கண் ஓரிடத்தில் நின்றது.

'உருத்திரமூர்த்தி' என்று இரண்டு மலை. உயரம் மட்டும்தான் வேறு. முதலாவது பெரிது, இரண்டாவது சின்னது. மற்றபடி ஒவ்வொரு மேடும் பள்ளமும் அச்சுக் குத்தியதுபோல் ஒன்றே. எந்த மனிதனாலும் ஒரு பெயரை இரண்டு தரம் அப்படிச் சொல்ல முடியாது.

இடையிலிருந்த தூரத்தை அளந்தாள்.

பதினெட்டு வினாடி.

இரண்டாவது சத்தம் அறையிலிருந்து வரவேயில்லை. சேரின் மடியிலிருந்து வந்தது. அந்தக் குரல் ஒரே தரம்தான் கூப்பிட்டது; அவருடைய போன் அதைப் பதினெட்டு வினாடி கழித்துத் திருப்பிச் சொன்னது. தன் சனலின் எதிரொலிக்கு எழுந்து 'ஓம்' என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார் மனுசன். அவள் பெயரை இரண்டாம் தரம் கூப்பிட்டதும் அவர் சட்டைப்பையிலிருந்த அதே போன்தான்.

நிஷ்மியா ஸ்டூடியோவைப் பூட்டினாள். நேரே சேரின் வீட்டுக்குப் போனாள்.

முன்னறையில் அது சேரின் முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. எதிரே தாங்கியில் சேரின் போன்.

"நிஷ்மியா, வாரும்."

"சேர், இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க."

அது அவளைப் பார்த்தது. கண்ணில் கோபமில்லை, வஞ்சகமில்லை. கழுவிய பீங்கான்போல் சுத்தம்.

"எதை?" என்றது.

குசினி வாசலில் சேரின் மனைவி சரோஜினிதேவி நின்றார். கையில் வெங்காயம், கண்ணில் தண்ணீர். வெங்காயம் இன்னும் வெட்டப்படவில்லை.

"முதல்லை எனக்குச் சந்தோசம்தான், பிள்ளை," என்றார் குரலைத் தாழ்த்தி. "நாப்பது வருசத்துச் சண்டை ஒண்டையும் எடுக்கிறேல்லை. நல்ல மனுசனாயிட்டார் எண்டு நினைச்சன். நேற்று மதுரா கனடாவிலையிருந்து போன் எடுத்தவள். 'மகள் கதைக்கிறாள்' எண்டன். 'எந்த மகள்' எண்டார். சிரிச்சுக்கொண்டு கேட்டார், பிள்ளை."

நிஷ்மியா எல்லாவற்றையும் சொன்னாள். "அன்டி, அதுக்கு 'முந்தி'ன்னு ஒன்னு கெடையாது. ஒரு பேரச் சொன்ன ஒடனே சொன்னதே மறந்துரும். அதான் இன்னொரு தரம் கூப்பிடத் தெரியாது. சேர் மூனு வருசமா யாரப் பத்திப் பேசினாரோ, அதுதான் அங்க ஒக்காந்திருக்கு. சேர் உள்ள மாட்டிக்கிட்டாரு."

சரோஜினிதேவி வெங்காயத்தை மேசையில் வைத்தார்.

"ஊரே இதைத்தான் மெச்சுது," என்றார். "எனக்கு அந்த அலட்டல் மனுசன்தான் வேணும். வா, போவம்."

பங்களா ஹோலில் அதே பனி வெளிச்சம், அதே இரண்டு நாற்காலி. றிகாஸ் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் வரமாட்டேன் என்று அவர் கால்களே சொல்லின. நிஷ்மியா தன் போனின் சத்தத்தை முற்றாக நிறுத்தினாள். நிறுத்திவிட்டதை இரண்டு தரம் பார்த்தாள். பிறகு சாமான் அறைக் கதவைத் திறந்தாள்.

உள்ளே இருட்டு, பகலைத் தள்ளி வைத்தபடி நின்றது. எதிர்ச்சுவர் தெரியவில்லை.

"சேர்! சேர்!"

ஒன்றுமில்லை.

"இஞ்சை பாருங்கோ! இஞ்சை பாருங்கோ!" என்றார் சரோஜினிதேவி. நாற்பது வருடத்தில் அவரிடமும் அந்தப் பழக்கம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

ஒன்றுமில்லை. வாசம் மட்டும் கனத்தது. குளிர் கணுக்காலைப் பிடித்தது.

நிஷ்மியா யோசித்தாள். அழைப்புக்கு வராத மனுசன் எதற்கு வருவார்? தூக்கத்திலிருந்தும் எதற்கு எழும்புவார்? அவளுக்குச் சட்டென்று விளங்கியது. நிலைப்படியில் கால்வைத்து நெஞ்சை நிமிர்த்திக் கத்தினாள்.

"சேர்! இறந்தகாலம் இருக்கு! நேத்துத் தின்ன புட்டும் இருக்கு! நீங்க சொன்னதெல்லாம் பொய்!"

இருட்டு கொஞ்ச நேரம் அதை மென்றது.

வெகு தூரத்தில், அந்தச் சின்ன அறைக்குள் இருக்கவே முடியாத தூரத்தில், ஒரு செருமல்.

"பிழை!"

நிஷ்மியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சரோஜினிதேவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் காத்திருந்தார்கள்.

"பிழை, பிள்ளை! அடிப்படையே பிழை!"

"அவர்தான்," என்றார் சரோஜினிதேவி. முந்தானையை இடுப்பில் செருகி, தோள்வரை இருட்டுக்குள் கையை விட்டார். நிஷ்மியா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். உள்ளே ஏதோ ஒரு கை சரோஜினிதேவியின் விரல்களைப் பற்றியது. ஒரு தரம் அழுத்தியது.

"இப்பவே இழுக்காதீங்க அன்டி."

மறு தரம் அழுத்தியது.

இழுத்தார்கள்.

உருத்திரமூர்த்தி ஹோல் தரையில் வந்து விழுந்தார். நாலு வாரத் தாடி, சால்வையில் ஒட்டடை. மூச்சு வாங்கியது. வாங்கிய முதல் மூச்சிலேயே விரல் உயர்ந்தது.

"அந்தப் புட்டு விசயத்தை நான் இன்னும் விளங்கப்படுத்தி முடிக்கேல்லை. முடிக்கேல்லை."

"முடிக்காதேங்கோ," என்று அழுதார் சரோஜினிதேவி. "ஒருநாளும் முடிக்காதேங்கோ."

நிஷ்மியாவின் கையில் போன் அதிர்ந்தது. 'கால விசாரம்' நேரலையில் இருப்பதாக அறிவித்தது. சத்தமில்லாத திரையில் மாத்தளை வீட்டு முன்னறை தெரிந்தது. நாற்காலியில் அது உட்கார்ந்திருந்தது. பார்ப்பவர்கள் நாலாயிரம்.

சேர் எட்டிப் பார்த்தார். தன் முகத்தைப் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த எண்ணைப் பார்த்தார்.

"நாலாயிரமோ?" என்றார். "இவனுக்கு நாலாயிரம் பேரோ?"

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. திரையில் இருந்த அது மெல்ல நிமிர்ந்து, கமராவுக்கு அப்பால், நேராக இவர்களைப் பார்த்தபோது. அதன் உதடு அசைந்தது. சத்தம் வராவிட்டாலும் என்ன பெயர் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

பதில் சொல்லியே பழகிய சேரின் வாய் தானாகத் திறந்தது. "ஓ..."

நிஷ்மியாவின் உள்ளங்கை அதில் பளாரென்று விழுந்து பொத்தியது.

"பேசக் கூடாது சேர். இன்னொரு தரம் கூப்பிடட்டும்."

காத்திருந்தார்கள். திரையில் நாற்காலி காலியாகியிருந்தது. அது எழுந்ததை யாரும் காணவில்லை. பார்வையாளர்கள் காலி நாற்காலிக்கும் இதயம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நிஷ்மியா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். திரையில் தெரிவது பழைய காட்சி. அது எழுந்து போய்ப் பதினெட்டு வினாடி ஆகிவிட்டது.

அவர்களுக்குப் பின்னால், ஹோலில், பிரம்பு நாற்காலி கிரீச்சிட்டது.

ஒரு தரம்.

வாசலில் றிகாஸ் எதையோ ஓதத் தொடங்கினார். நிஷ்மியா சேரின் வாயிலிருந்து கையை எடுக்காமலே திரும்பினாள். நாற்காலியில் யாருமில்லை. பனி மட்டும் யன்னலால் உள்ளே வந்து அதைச் சுற்றி நின்றது.

"இன்னொரு தரம்," என்றாள் உரக்க. "ஏலுமுன்னா இன்னொரு தரம் அசஞ்சு காட்டு, பாப்போம்!"

நாற்காலி அசையவில்லை.

அதன் பிரம்பு மட்டும், ஓர் ஆள் உட்கார்ந்த பாரத்தில் தாழ்ந்தது, தாழ்ந்தபடியே இருந்தது.